நிழலும் கோடும்: கேமரா இல்லாமல் உருவாகும் அரூபப் படங்கள்

சென்னையில் எழுபது, எண்பதுகளில் வீடு கட்டிய குடும்பங்களின் பீரோவில் இன்னமும் ஒரு காகிதச் சுருள் இருக்கும். பிளான் அப்ரூவலுக்காக எடுத்த அம்மோனியா பிரிண்ட். என் சித்தப்பா டிராஃப்ட்ஸ்மேன். அவர் டிரேசிங் பேப்பரில் ரோட்ரிங் பேனாவால் வரைந்து முடித்ததும் பிரிண்ட் போடும் கடைக்கு என்னையும் கூட்டிப் போவார். மருந்து பூசிய மஞ்சள் தாளின் மேல் டிரேசிங்கை வைத்து மெஷினுக்குள் விடுவார்கள். விளக்கு வெளிச்சத்தைக் கடந்து, அம்மோனியா ஆவியைக் கடந்து அந்தத் தாள் மறுபக்கம் வரும். நெடி கண்ணைக் கரிக்கும். தாளில் சித்தப்பாவின் கோடுகள் கருநீலமாக எழுந்திருக்கும்.

அந்தப் பிரிண்ட் ஓர் ஒளிப்படம் என்று எனக்குப் புரியவே இருபது வருடம் ஆனது. அதில் லென்ஸ் இல்லை, கேமரா இல்லை. ஒளிக்கு மாறும் மருந்து, அதன் மேல் கையால் போட்ட கோடு, அந்தக் கோட்டைச் சுற்றி இறங்கும் வெளிச்சம், அவ்வளவுதான். வெளிச்சம் பட்ட இடத்தில் மருந்து செத்துப்போகிறது. கோட்டின் நிழலில் பிழைத்த மருந்தை அம்மோனியா சாயமாக மாற்றுகிறது. கோட்டோவியமும் ஒளிப்படமும் சேர்ந்து பிறந்த தாள் அது. அந்தக் கோடு வீட்டின் சுவரையோ ஜன்னலையோ குறிக்காமல், கோடாக மட்டும் நின்றால்? இன்று உலகம் முழுக்க ஓவியர்களும் ஒளிப்படக்காரர்களும் செய்துபார்க்கிற அரூபக் கலை ஒன்றின் வாசலில் நின்றுகொண்டிருப்போம்.

தமிழில் போட்டோவுக்கு மூன்று பெயர்கள் புழங்குகின்றன: புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம். கேமராவில் எடுத்த படத்துக்கு இந்த மூன்றுமே சற்று எட்ட நின்று சொல்லும் பெயர்கள். கேமரா இல்லாத படத்துக்கு மூன்றும் அப்படியே பொருந்துகின்றன. மருந்துத் தாளின் மேல் ஒரு பொருளை வைத்து வெளிச்சம் காட்டினால் அதன் நிழல் பதிகிறது. இதைத்தான் ஃபோட்டோகிராம் என்கிறார்கள், அசல் நிழற்படம். கண்ணாடியில் விளக்குப் புகை பிடித்து, ஊசியால் கீறி, கீறல் வழியே ஒளியை விட்டுத் தாளில் எடுப்பது இன்னொரு வகை. பிரெஞ்சில் கிளிஷே வேர் என்பார்கள். புகைப்படம் என்ற சொல் இதற்கென்றே பிறந்ததுபோல இருக்கிறது. மூன்றாவது, எந்தப் பொருளும் வைக்காமல் வெறும் ஒளியையும் ரசாயனத்தையும் கொண்டு தாளிலேயே வரைவது. அது ஒளிப்படம்.

இது ஏதோ புதுமோகம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1802-இல் தாமஸ் வெட்ஜ்வுட்டும் ஹம்ப்ரி டேவியும் வெள்ளி நைட்ரேட்டில் செய்த சோதனைகள் அச்சில் வந்தன. கட்டுரையின் தலைப்பிலேயே இருந்த விஷயம், கண்ணாடியில் வரைந்த ஓவியங்களை ஒளியால் பிரதி எடுப்பது. அதாவது, ஒளிப்படத்தைப் பற்றி அச்சேறிய ஆரம்பகாலப் பதிவிலேயே கையால் வரைந்த ஒரு சித்திரம் இருக்கிறது. அவர்களுக்குப் படம் கிடைத்தது, நிறுத்திவைக்கத் தெரியவில்லை. வெளிச்சத்தில் காட்டினால் முழுக்கக் கறுத்துவிடும்.

அடுத்தவர் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட். 1833 அக்டோபரில் இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் உட்கார்ந்து, வரைவதற்கு உதவும் ஒரு கண்ணாடிக் கருவியை வைத்துக்கொண்டு காட்சியை வரைய முயன்றார். வரவில்லை. கை கேட்கவில்லை. அந்த ஏமாற்றத்திலிருந்துதான் இயற்கையே தன்னை வரைந்துகொண்டால் என்ன என்ற யோசனை அவருக்கு வந்தது. அடுத்த வருடமே உப்பும் வெள்ளி நைட்ரேட்டும் பூசிய தாளில் இலைகளையும் லேஸ் துணியையும் வைத்து நிழல்களைப் பிடிக்க ஆரம்பித்தார். 1839-இல் உலகுக்கு அறிவித்தபோது அவர் வைத்த பெயரில் படம் எடுப்பது இல்லை, வரைவதுதான் இருக்கிறது: ஒளி பிறப்பித்த சித்திரம் என்ற பொருளில். அந்தக் கட்டுரையின் ஒரு பகுதிக்குத் தலைப்பு, நிழலை நிலைநிறுத்தும் கலை.

ஆகவே, ஒளிப்படத்தையும் கோட்டோவியத்தையும் இன்றைய கலைஞர்கள் கலக்கிறார்கள் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒட்டிப் பிறந்தவை அவை. கேமராதான் பிரித்துவைத்தது.

கிளிஷே வேர் முறையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பிரான்சில் ஓவியர் காமில் கோரோ ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, 1853-இல், இதில் இறங்கி 60-க்கும் மேற்பட்ட கண்ணாடிகளைக் கீறினார். கண்ணாடியில் ஒளி புகாத ஒரு பூச்சு. அதன் மேல் ஊசி. ஊசி போன இடமெல்லாம் வெளிச்சத்துக்கு வழி. கண்ணாடியைத் தாளின் மேல் எந்தப் பக்கம் கவிழ்த்து வைக்கிறீர்கள் என்பதில்கூட விஷயம் இருக்கிறது. கீறிய பக்கம் தாளைத் தொட்டால் கோடு ஊசிமுனைபோல் கூர்மையாக வரும். புரட்டி வைத்தால் கண்ணாடியின் தடிமனுக்குள் ஒளி சிதறி, கோடு கம்பளி நூல்போல் மெத்தென்று வரும். ஒரே கீறல், இரண்டு குணம்.

இதைப் படித்தபோது எனக்கு ஓலைச்சுவடிதான் நினைவுக்கு வந்தது. எழுத்தாணியால் ஓலையில் கீறினால் எழுத்து கண்ணுக்குத் தெரியாது. மேலே விளக்குக் கரியைத் தடவித் துடைத்தால் கரி கீறலுக்குள் தங்கி எழுத்து கறுப்பாக எழும். புகை பிடித்த கண்ணாடியில் கரியை அகற்றித்தான் கோடு. ஓலையில் கரி நிரம்பித்தான் கோடு. இரண்டிலும் கை முதலில் கிட்டத்தட்டக் குருடாகவே வேலை செய்கிறது. தான் போட்டது என்ன என்று பிற்பாடுதான் தெரியும்.

சென்னைக்கு இதில் சொந்தப் பங்கும் உண்டு. பெரியமேட்டில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரியை 1850-இல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர். மதராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி 1856-இல் உருவானதிலும் முக்கியமான ஆள் அவரே. வரைகலையும் ஒளிப்படமும் இந்த ஊருக்கு ஒரே கையால் வந்து சேர்ந்தன. அதே 1856-இல் மதராஸ் அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்டவர் லின்னேயஸ் டிரைப். 1857 டிசம்பர் முதல் சில மாதங்கள் ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றிக் கோயில்களையும் கோட்டைகளையும் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து 21 பிரிண்ட்களை ஒட்டிய நீளப் படம் அவருடைய பெயரைச் சொல்லும்.

டிரைப் கேமராக்காரர்தான். ஆனால் அவருடைய காகித நெகட்டிவ்களைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கிறார்கள். அந்தக் காலத்து மருந்து நீல ஒளிக்கு அளவுக்கு மீறி மயங்கும். அதனால் பிரிண்டில் வானம் வெறுமையாகிவிடும். டிரைப் தூரிகையை எடுத்து நெகட்டிவ் மேலேயே வண்ணம் பூசினார். மேகம் வரைந்தார், மரத்தின் இலைகளுக்கு ஒளி கொடுத்தார். நெகட்டிவில் பூசிய வண்ணம் ஒளியை மறைக்கும். மறைத்த இடம் பிரிண்டில் வெளுப்பாக வரும். மதுரைக் கோபுரத்தைக் கேமரா எடுத்தது, மேல் நிற்கும் மேகத்தைக் கை எடுத்தது. மேகம் மட்டும் கேமரா இல்லாத படம்!

அப்புறம் நம் தெரு ஸ்டூடியோக்கள். நெகட்டிவ் டச்சிங் என்று தனி வேலையே இருந்தது. கூராகச் சீவிய பென்சிலால் நெகட்டிவில் முகத்தின் பருவையும் சுருக்கத்தையும் புள்ளி புள்ளியாக மூடுவார்கள். நம் தாத்தா பாட்டிகளின் கல்யாணப் போட்டோவில் முகம் அவ்வளவு வழுவழுப்பாக இருப்பதற்குப் பின்னால் பெயர் தெரியாத ஒருவரின் பென்சில் இருக்கிறது. அந்த வேலையை யாரும் கலை என்று சொன்னதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

இங்கே ஒன்று தெளிவாகிறது. சாதாரணத் தாளில் வரைவது என்றால் மை சேர்ப்பது. ஒளித்தாளில் வரைவது என்றால் மறைப்பது, அல்லது மறைப்பை விலக்குவது. எங்கே ஒளி போகக் கூடாது என்று முடிவு செய்வதுதான் கோடு. பழகிய ஓவியருக்கே இது முதலில் பிடிபடாது. கறுப்பாக வேண்டும் என்று அழுத்தினால் வெளுப்பாக வரும். இந்தத் தலைகீழ்தான் படத்தை அரூபத்தின் பக்கம் தள்ளுகிறது என்பது என் எண்ணம். ஒரு முகத்தையோ மாட்டையோ அச்சு அசலாகக் கொண்டுவர இந்த முறை அவ்வளவு ஒத்துழைக்காது. தடிமன், இடைவெளி, நேரம் இவற்றைப் பற்றிப் பேச மிக நன்றாக ஒத்துழைக்கும்.

ஐரோப்பாவில் அந்தத் திருப்பம் முதல் உலகப் போர் முடிந்த கையோடு வந்தது. 1919-இல் ஓவியர் கிறிஸ்டியன் ஷாட் ஜெனிவாவில் கிழிந்த காகிதத் துண்டுகளையும் குப்பையில் கிடைத்தவற்றையும் மருந்துத் தாளில் அடுக்கி ஒளி காட்டினார். பாரிசில் மான் ரே 1922-இல் இத்தகைய 12 படங்களைத் தொகுப்பாக வெளியிட்டார். அதே வருடம் பெர்லினில் லாஸ்லோ மொஹோலி-நாட்யும் அவர் மனைவி லூசியாவும் ஃபோட்டோகிராமில் இறங்கினார்கள். மான் ரேயிடம் சீப்பும் சாவியும் கனவுபோல மிதக்கும், பொருளை அடையாளம் காணலாம். மொஹோலி-நாட்யிடம் பொருள் கரைந்து, ஒளியின் அளவு மட்டுமே மிஞ்சும். எனக்கு இரண்டாமவரே நெருக்கம். அவருடைய படத்தில் இருட்டிலிருந்து சாம்பலுக்கும், சாம்பலிலிருந்து வெள்ளைக்கும் போகிற பாதைதான் சித்திரம்.

ஓவியமும் ஒளிப்படமும் முழுக்கப் பிரிக்க முடியாமல் கலந்தது 1956-இல். பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் கோர்டியே ஒரு பெண்ணுக்கு வாழ்த்து எழுத நினைத்து, நெயில் பாலிஷைக் கொண்டு போட்டோ தாளில் எழுதினார். பிறகு அதை டெவலப்பரில், அதாவது படத்தை எழுப்பும் கரைசலில், போட்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் கெமிகிராம். இதற்கு டார்க் ரூமே வேண்டாம், பட்டப்பகலில் செய்யலாம். ஒளி பட்ட புரோமைடு தாள், அதாவது வெள்ளி மருந்து பூசிய போட்டோ தாள், டெவலப்பரில் கறுக்கும். படத்தை நிலைநிறுத்தும் கரைசலான ஹைப்போவில் வெளுப்பாகவே நின்றுவிடும். தாளில் வார்னிஷ், தேன், பாகு, எண்ணெய் என்று ஏதாவது ஒரு தடுப்பால் வரைய வேண்டும். பிறகு டெவலப்பர், ஹைப்போ, மறுபடி டெவலப்பர் என்று மாற்றி மாற்றி முக்கினால், தடுப்பு ஓரத்திலிருந்து கரையக் கரைய, ஒவ்வொரு முக்கலுக்கும் ஒரு வரி விழும். மரத்தின் வளையம்போல. தேன் சீக்கிரம் விட்டுக்கொடுக்கும். வார்னிஷ் பிடிவாதம் பிடிக்கும். கோர்டியே பல பத்தாண்டுகள் இந்த ஒரு வேலையைச் செய்து, கணக்குப் போட்டதுபோன்ற சிக்கலான வழிப்பின்னல்களை உருவாக்கினார். கோட்டை அவர் தொடங்கி வைக்கிறார், ரசாயனம் முடித்து வைக்கிறது.

சரி, சென்னையில் இதையெல்லாம் செய்ய முடியுமா? முடியும். இந்த ஊர் வெயில் அதற்காகவே காத்திருக்கிறது.

கையில் எடுக்க எளியது சயனோடைப். ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்த முறை. அடுத்த வருடமே அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளின் நிழல்களை இதில் பதித்துப் புத்தகமாக்கத் தொடங்கினார். பின்னாளில் இதுவே ப்ளூ பிரிண்ட் ஆனது, அம்மோனியா பிரிண்ட்டுக்கு மூத்த அண்ணன். 100 மில்லி தண்ணீரில் 25 கிராம் ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், இன்னொரு 100 மில்லியில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு, இரண்டையும் சம அளவில் கலந்து மங்கிய வெளிச்சத்தில் தாளில் பூசிக் காயவைக்க வேண்டும். புற ஊதாக் கதிர் பட்டால் இரும்பு மாறி நீலமாகிறது. படாத இடம் தண்ணீரில் கழுவிப் போய்விடும். மே மாத மதியத்தில் எங்கள் மொட்டை மாடியில் பத்து நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். ஐப்பசி மழையில் தாள் ஈரம் குடித்து நமத்துப்போகும், வெள்ளை வெள்ளையாக நிற்காது.

இதில் இலையை வைத்து எடுத்தால் யாருக்கும் அழகான படம் வந்துவிடும். அந்தச் சுலபம்தான் ஆபத்து. நூறு பேர் வேப்பிலை வைத்தால் நூறு வேப்பிலை கிடைக்கும். கை உள்ளே வந்தால்தான் படம் ஒருவருடையதாகிறது. நான் முதலில் செய்துபார்த்தது அரிசிமாவு. காய்ந்த தாளின் மேல் அப்படியே இழை இழுத்து வெயிலில் வைத்தேன். மாவு கனமாக விழுந்த இடம் வெள்ளை. மெலிந்த இடத்தில் ஒளி கசிந்து இளநீலம். மதியக் கடற்காற்று கிளம்பியதும் மாவு நகர, கோட்டுக்குப் பக்கத்தில் அது முன்பு இருந்த இடத்தின் மங்கிய தடமும் பதிந்தது. விரல் போன வேகமும் காற்று வந்த நேரமும் ஒரே தாளில்.

இன்னொரு வழி, கழுவிய பிறகு வரைவது. சலவை சோடாவைக் கரைத்துத் தூரிகையால் நீலத்தின் மேல் இழுத்தால், நீலம் மறைந்து வெளிர் மஞ்சள் கோடு வரும். தாளை நன்றாக அலசிவிட்டுக் கடுக்காய் ஊறிய தண்ணீரில் போட்டால் அந்த மஞ்சள் கோடு பழுப்பும் கறுப்புமாக மாறும். கலம்காரித் துணியில் கறுப்பு வருவதும் இதே கதைதான், இரும்பும் கடுக்காயின் துவர்ப்பும் சேர்ந்தால் கறுப்பு. வெயில் போட்ட நீலமும் கை போட்ட கறுப்பும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது எது போட்டோ, எது டிராயிங் என்று பிரிக்கத் தோன்றாது.

தண்ணீர் விஷயத்தில் ஜாக்கிரதை. போர் தண்ணீர் பல வீடுகளில் கடினமானது, காரத்தன்மை கொண்டது. சயனோடைப்பின் நீலத்துக்குக் காரம் ஆகாது. ஒரு வாரம் உழைத்து எடுத்த பெரிய தாளைப் போர் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டுச் சாப்பிடப் போய், திரும்பி வந்தபோது பாதி நீலம் போயிருந்த நாள் எனக்கு உண்டு. மெட்ரோ வாட்டர் பரவாயில்லை. அலசும் தண்ணீரில் சில சொட்டு எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டால் இன்னும் நல்லது.

புரோமைடு தாள் கிடைப்பதுதான் கஷ்டம். உதகையில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இயங்கிய காலத்தில் 'இந்து' என்ற பெயரில் வந்த அதன் தாள் பெட்டி ஸ்டூடியோவுக்கு ஸ்டூடியோ கிடக்கும். இன்று அந்த ஆலை இல்லை. ஆனால் மூடிய ஸ்டூடியோக்களின் பரணில் தேதி கடந்த பெட்டிகள் இன்னும் அகப்படுகின்றன. முகம் எடுக்க அவை உதவாது. கெமிகிராமுக்குத் தாராளமாகப் போதும். டெவலப்பரே இல்லாமல் வெயிலில் மணிக்கணக்கில் வைத்தால் அந்தப் பழைய தாள் ரோஜா, ஊதா, செம்பழுப்பு என்று தானாக நிறம் பிடிக்கும். செம்பருத்தி இதழை அழுத்தி வைத்தால் அதன் சாறும் மருந்தோடு வினைபுரிந்து எதிர்பாராத கறையை விடும்.

கண்காட்சிக் கூடங்களில் இத்தகைய படங்களின் முன் நிற்பவர்கள் அநேகமாகக் கேட்கும் கேள்வி, 'இது என்ன?' நியாயமான கேள்விதான். ஆனால் வாசலில் போட்ட சிக்குக் கோலத்தைப் பார்த்து அப்படி யாரும் கேட்பதில்லை. 'எத்தனை புள்ளி? நேர்ப்புள்ளியா, இடைப்புள்ளியா?' என்றுதான் கேட்போம். எங்கே தொடங்கி எப்படித் திரும்பியது என்று கண்ணால் பின்தொடர்வோம். என் அத்தை ஒருமுறை என்னுடைய மாவுப் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏண்டா, இந்த இடத்துல கை நின்னிருக்கே, யோசிச்சியா?" என்று கேட்டார். உண்மை. அங்கே நான் யோசித்தேன். அரூபக் கலையைப் பற்றி எனக்குக் கிடைத்த மிகச் சரியான விமர்சனம் அது. எப்படி வந்தது என்று கேட்கத் தொடங்கினால் படம் பேச ஆரம்பிக்கிறது: இங்கே ஒளி நேராக விழுந்திருக்கிறது, இங்கே கண்ணாடி தாளைத் தொடவில்லை, இந்த ஓரம் இரண்டாவது முக்கலில் கரைந்தது.

மதராஸ் ஓவியர்கள் கோட்டுக்குக் கொடுத்த இடம் தெரிந்தவர்களுக்கு இது கடினமும் இல்லை. கே.சி.எஸ். பணிக்கர் 1963-இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் ஜாதகக் கட்டம்போல, படிக்க முடியாத எழுத்துபோல வருகிற கோடுகள் எதையும் சொல்லாமலே நிறையச் சொல்கின்றன. கே.எம். ஆதிமூலத்தின் காந்தி கோட்டோவியங்களில் பேனாவின் கீறல் முகத்தைக் காட்டுகிறது, கூடவே தன்னையும் காட்டிக்கொள்கிறது. பின்னாளில் அவர் உருவத்தை விட்டு வண்ணவெளிகளுக்குப் போனார். பேனாவின் கீறலை அவ்வளவு நேசித்த ஊர், ஒளியின் கீறலுக்கு அந்நியமாக இருக்க வேண்டியதில்லை. 2016-இல் சென்னை போட்டோ பினாலே என்ற ஒளிப்படத் திருவிழா தொடங்கிய பிறகு, ஒளிப்படம் என்றால் செய்தியும் முகமும் மட்டும் இல்லை என்ற எண்ணம் இங்கே கொஞ்சம் பரவியிருக்கிறது. கோட்டோவியக்காரர்களும் ஒளிப்படக்காரர்களும் ஒரே மேசையில் உட்கார்வது மட்டும் இன்னும் குறைவு.

வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். ஃபோட்டோகிராமுக்கும் கெமிகிராமுக்கும் நெகட்டிவ் கிடையாது. ஒன்றே ஒன்றுதான், ஓவியம்போல. கண்ணாடியில் கீறியது மட்டும் எத்தனை பிரதி வேண்டுமானாலும் தரும். ஆகவே எந்த முறை என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்தது, நீலம் நிற்குமா என்ற கவலை. சயனோடைப்பை ஜன்னல் வெயிலில் மாட்டினால் சில மாதங்களில் வெளுக்கத் தொடங்கும். பதற வேண்டாம். சுவரிலிருந்து இறக்கி, பீரோவில் இருட்டில், காற்று போகிற மாதிரி சில நாள் வைத்தால் வெளுத்த நீலத்தில் பெரும்பகுதி திரும்ப ஏறிவிடும். எங்கள் வீட்டில் அது சித்தப்பாவின் பிளான் சுருளுக்குப் பக்கத்துத் தட்டில் இருக்கிறது.